பூட்டிய அறையிலிருந்து வந்த பதில்

"ஏம்ப்பா, நீ மாட்டிவிட்ட பொட்டியில இருந்து எங்கண்ணன் மெயில் அனுப்புதாரு. ஒடனே கெளம்பி வா!"

சின்ன முதலாளி போனில் போட்ட சத்தத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில் என் கடையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய அண்ணன் இறந்து ஒரு வாரம் தாண்டியிருந்தது. நானே போய் உடலுக்கு மாலை போட்டுவிட்டு வந்தவன்.

தொண்ணூறுகளின் கடைசி. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்கிற அந்த அண்ணன் தம்பியின் கம்பெனிக்கு மெயில் சர்வர் போட்டுக் கொடுத்தது நான்தான். ஆளுக்கொரு லைசென்ஸ் வாங்கவேண்டிய சாஃப்ட்வேர் ஒன்று, காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸ் ஒன்று என்று இரண்டையும் அண்ணனான பெரிய முதலாளியிடம் விளக்கினேன். "ஓசியில வாரது நல்லா ஓடுமா தம்பி?" என்றார். "நீங்க நிறுத்தச் சொல்றவரைக்கும் ஓடும்ணே" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா!

சர்வர் அவர் அறையிலேயே இருந்தது. காலையும் மாலையும் போன் ஒயரில் மாட்டிய மோடம் தானாக டயல் செய்து மெயிலை வாங்கி, அனுப்பும். மதுரைக்கு ஆபரேஷனுக்குப் போகும்முன் இங்கிலீஷில் ஒரு தானியங்கிப் பதிலும் வைக்கச் சொன்னார்: 'வெளியூர் போயிருக்கிறேன். திரும்பியதும் பதில் எழுதுகிறேன்.' அவருக்கு யார் மெயில் போட்டாலும் அது தானாகப் போகும், ஒரே ஆளுக்கு வாரம் ஒரு முறைதான்.

மனுஷன் திரும்பவில்லை. பதினாறாம் நாள் விசேஷம் முடியும்வரை அவர் அறையைத் திறப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை. பூட்டிவிட்டார்கள். சர்வரை யாரும் நினைக்கவில்லை.

நான் போனபோது ஆபீஸ் பெண்கள் ஒருவரும் அந்தக் கதவுப் பக்கம் உட்காரவில்லை. "உள்ள கீச்சு கீச்சுனு சத்தம் கேக்குது சார்" என்றாள் டைப்பிஸ்ட். மோடம்தான் என்றேன். சொல்லும்போதே உள்ளே அது கத்த ஆரம்பித்தது. தெரிந்த சத்தம்தான். எனக்கும் புல்லரித்தது.

வெளிநாட்டில் துணி வாங்குகிற பையருக்கு அந்தப் பதில் இரண்டு முறை போயிருந்தது. அண்ணன் உயிரோடிருக்க, இறந்துவிட்டார் என்று தம்பி பொய் சொல்லி ஆர்டரைச் சுருட்டப் பார்க்கிறான் என்று அவர் முடிவு கட்டி, சரக்கை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆர்டர் போனால் தறி நின்றுவிடும். போன் ஒயரைப் பிடுங்கினால் வருகிற மெயிலும் நிற்கும். அந்தப் பதிலை மட்டும் நிறுத்தவோ, அந்த மெஷின் முன்னாலேயே உட்கார வேண்டும். பாதுகாப்புக்காக நான் அப்படி வைத்திருந்தேன்.

சாவி முதலாளியின் மனைவியிடம் இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அந்த அம்மா தானே வந்து பூட்டைத் திறந்தார். நாற்காலியில் அவர் துண்டு போட்டது போட்டபடி இருந்தது. சர்வரில் பச்சை விளக்கு மினுக்கியது.

"தம்பி, நான் எழுதினாலும் அவுக பதில் போடுவாகளா?"

கம்பெனியில் அவருக்கும் ஒரு மெயில் ஐடி உண்டு, தொட்டதேயில்லை. திறந்து கொடுத்தேன். ஒற்றை விரலால் இங்கிலீஷ் எழுத்தில் தட்டினார்: 'எப்ப வருவீங்க?'

உள்ளுக்குள்ளேயே போகிற மெயில், டயல் செய்ய வேண்டியதில்லை; அனுப்பிய கையோடு பதில் வந்து நின்றது. வெளியூர் போயிருக்கிறேன். திரும்பியதும் பதில் எழுதுகிறேன்.

அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "என்கிட்டயும் இதத்தான் சொல்லிட்டுப் போனாக. நிறுத்திருங்க தம்பி."

நிறுத்தினேன். பையரிடம் அந்த அம்மாவே போனில், தெரிந்த இங்கிலீஷில், விஷயத்தைச் சொன்னார். தறி நிற்கவில்லை.

இப்போதும் சர்வர் எது போடலாம் என்று கேட்டு வருகிற இளைஞர்கள் விலையைக் கேட்கிறார்கள், வேகத்தைக் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஆள் இல்லாமல் போனால், இதை நிறுத்தப் போவது யார்?