அப்பப்பா பிடிக்க விரும்பாத மீன்

பிள்ளைகளே, அப்பப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு வந்திருந்த அந்த நெட்டையான ஜெர்மன் தாத்தா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி, "உங்கள் அப்பப்பாவைப் போல ஒரு மீன்பிடிகாரனை நான் கண்டதே இல்லை" என்று சொன்னார். நீங்கள் இருவரும் அதை அப்படியே நம்பிவிட்டீர்கள். நம்பியதோடு விட்டீர்களா? நேரே அப்பப்பாவிடம் ஓடிப்போய் உண்மையா என்று கேட்டீர்கள். அவரும் கேக்கை விழுங்கிக்கொண்டே "ஓம்" என்றார். இப்போது சின்னவன் வகுப்பில் எழுந்து, தன் அப்பப்பா இலங்கையில் பெரிய மீனவராக இருந்தவர் என்று சொல்லியிருக்கிறான். அவர் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து வலை பின்னிக் காட்டுவாரா என்று ஆசிரியை என்னிடம் கேட்கிறார்.

ஆகவே நடந்ததை எழுதிவிடுகிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. என் தமிழ் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துத் தமிழ். பிழை இருந்தால் உங்கள் அம்மா திருத்துவார்.

அப்பப்பா இப்போதும் இருக்கிற ஹம் நகரத்தில்தான் அப்போது நாங்கள் எல்லாரும் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. அப்பா, அதாவது உங்கள் அப்பப்பா, கம்பி இழுக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தார். அந்த நெட்டைத் தாத்தாதான் அங்கே மேலாளர். மேலதிகாரியை ஜெர்மன்காரர் ஷெஃப் என்பார்கள், நாங்களும் அப்படியே. அப்பாவின் வேலை வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற வேலை. அந்த இலையுதிர்காலத்தில் அவரை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று முடிவெடுக்க இருந்தார்கள். வேலை நிரந்தரமானால்தான் விசாவும் நிரந்தரமாகும். ஷெஃப் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எல்லாரும் சொன்னார்கள்.

அந்த ஷெஃப்பிடம் அப்பாவுக்கு ஒரே ஒரு பேச்சுத்தான் இருந்தது. அது 'யா', ஜெர்மனில் ஓம். விளங்கினாலும் யா, விளங்காவிட்டாலும் யா. பெரியவர் ஒருவர் கேட்கும்போது இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது அப்பா வளர்ந்த வீட்டில் இல்லாத பழக்கம்.

ஷெஃப்புக்கு ஒரு பைத்தியம் இருந்தது. ஹைல்புட் என்கிற தட்டை மீனை நோர்வேக் கடலில், துடுப்புப் போடுகிற சின்ன கயாக் படகில் இருந்தபடியே பிடித்தவர் அவர். மீன் கதவளவு. அந்தப் படம் தொழிற்சாலையின் சாப்பாட்டறைச் சுவரில் தொங்கியது. இடைவேளைதோறும் அந்தக் கதையைச் சொல்வார். அப்பா இடைவேளைதோறும் யா சொல்வார். முழுக்கதையையும் ஆர்வத்தோடு கேட்கிற ஒரே ஆள் அப்பாதான் என்று ஷெஃப் நினைத்துவிட்டார்.

ஒருநாள் மாலை அப்பா வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் நின்றார்.

"இஞ்சேர், ஷெஃப் எங்களைக் கடலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்."

"நல்லதுதானே. எப்ப?" என்றார் அம்மா.

"வாற வெள்ளி."

"கடலில போய் என்ன செய்யிறது?"

"மீன் பிடிக்கிறது."

"பிடிச்சு?"

"சாப்பிடுறது."

அம்மா அகப்பையைக் கீழே வைத்தார். "வெள்ளிக்கிழமை எங்களுக்கு மச்சம் இல்லை, மரக்கறிதான் எண்டு நீங்கள் சொல்லேல்லையோ?"

"சொன்னனான். அதாலதான் கூப்பிட்டவர்."

நடந்தது இதுதான். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை யாரோ கொடுத்த சொசேஜை அப்பா வேண்டாம் என்றிருக்கிறார். "வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிட மாட்டாயா?" என்று ஷெஃப் கேட்க, அப்பா யா என்றிருக்கிறார். ஷெஃப்புக்கு ஆனந்தம். அவருடைய வீட்டிலும் வெள்ளிக்கிழமை இறைச்சி கிடையாது. அவர்கள் கத்தோலிக்கர்கள். இறைச்சி இல்லாத வெள்ளிக்கிழமை என்றால் அவர்களுக்கு மீன். எங்களுக்கு மீனும் இறைச்சிதான் என்பது அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

"அதோட," என்று அப்பா இழுத்தார், "நான் மீன்பிடிகாரன் எண்டு வேற நினைக்கிறார்."

"நீங்களோ? வெங்காயத் தோட்டக்காரன்ர மகன். கிணத்தை எட்டிப் பாத்தாலே உங்களுக்குத் தலை சுத்தும்."

"இலங்கை தீவுதானே எண்டு கேட்டார். தீவுதானே? ஓம் எண்டன்."

மறுநாள் தேத்தண்ணி ஆற்றும்போது அம்மா ஒரு முடிவோடு சொன்னார். "சரி, போவம். தந்தால் நான் ஒரு துண்டு வாயில வைக்கிறன். எங்கட விசா நிலவரம் முருகனுக்குத் தெரியும்."

"நீர் யோசியாதேயும். மீன் பிடிபடாமல் நான் பாத்துக்கொள்ளுறன்," என்றார் அப்பா.

ஷெஃப்பின் காரிலேயே கிழக்குக் கடலுக்கு, அதுதான் பால்டிக் கடலுக்கு, போனோம். கரையில் ஒரு விடுமுறை முகாமில் அவருடைய கரவான், சக்கரம் வைத்த சின்ன வீடு, நின்றது. அவருடைய மனைவி எங்களைக் கண்டதும் அம்மாவைக் கட்டிப்பிடித்தார். அம்மா கட்டையாக நின்றார். பிறகு இருவரும் உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டார்கள்.

ஷெஃப் ஏற்பாட்டில் புலி. அப்பாவுக்கு மீன்பிடி அனுமதிச் சீட்டுக்கூட வாங்கி வைத்திருந்தார். மூவருக்கும் செம்மஞ்சள் நிற உயிர்காப்பு அங்கி தந்தார். கயாக்கில் அப்பா முன்னால், ஷெஃப் பின்னால், நடுவில் பிள்ளைகளுக்கான சின்ன இருக்கையில் நான். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமே. இந்தக் கடலில் ஹைல்புட் இல்லை, ஆனால் அதன் சின்னத் தம்பி மாதிரி ஸ்டைன்புட் என்று ஒரு தட்டை மீன் மணலில் படுத்திருக்கும், அதைத்தான் பல வருடமாகத் தேடுகிறேன், ஒன்றும் அகப்படவில்லை, இன்று ஒரு தீவுக்காரன் வந்திருக்கிறான், பார்ப்போம் என்றார் ஷெஃப். நான் அதைத் தமிழில் சொன்னேன். அப்பாவின் முதுகு ஒரு சுற்றுச் சிறுத்தது.

கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் படகு ஆடியது. அப்பா துடுப்பை விட்டுவிட்டுப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"முருகா, முருகா."

"என்ன சொல்கிறார்?" என்று ஷெஃப் கேட்டார்.

"கடவுளைக் கூப்பிடுகிறார்," என்றேன்.

ஷெஃப் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கடலில் இறங்கும்போது உண்மையான மீனவர்கள் செய்வது அதுதானாம்.

தூண்டில் கயிற்றின் நுனியில் ஒரு மினுங்குகிற தகடு, சிவப்பு மணிகள், முள், முள்ளில் கடற்புழு. அதை மணலில் உரசவிட்டுப் படகை மெல்ல அலையோடு போகவிட வேண்டும். அப்பா எங்களுக்கு முதுகு காட்டி இருந்தார் அல்லவா? சத்தமில்லாமல் புழுவைக் கழற்றித் தண்ணீரில் விட்டார். நான் எட்டிப் பார்த்துவிட்டேன்.

"வாயைத் திறவாதை, தம்பி," என்றார் திரும்பாமலே.

வெறும் தகட்டை இறக்கிவிட்டு, விரதம் காப்பாற்றப்பட்ட நிம்மதியில் அப்பா முதன்முறையாகக் கடலைப் பார்த்தார். "வடிவாத்தான் இருக்கு," என்றுகூடச் சொன்னார். அந்த நேரம் தூண்டில் தடி வில்லாக வளைந்தது.

வெறும் மினுக்கத்துக்கு ஆசைப்பட்ட அந்த மீனை என்ன சொல்வது? ஷெஃப் பின்னால் கத்தினார். அப்பா பதறிப்போய், மீன் கழன்று ஓடட்டும் என்று கயிற்றைத் தளரவிட்டார்.

"அப்படித்தான்! ஓடவிடு! களைக்கவிடு!" என்றார் ஷெஃப்.

அப்பா தடியைத் தாழ்த்தித் தண்ணீருக்குள் அமுக்கினார்.

"அற்புதம்! தடியைத் தாழ்த்துகிறார், பார்த்தாயா? மீன் இழுக்கிற பக்கமே போகிறார்!"

அப்பா முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு தடியை அசைக்காமல் இருந்தார்.

"பார்க்கவே இல்லை! கையாலேயே உணர்கிறார்!" ஷெஃப் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அப்பா, உங்களைப் புகழுறார்," என்றேன்.

"நிப்பாட்டச் சொல்லு," என்றார் அப்பா. அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

கடைசியில் ஷெஃப்தான் கை நீட்டி வலைக்கரண்டியால் அள்ளினார். சாப்பாட்டுத் தட்டைவிட அகலம். முதுகெல்லாம் கல்லுக் கல்லாகச் சொரசொரப்பு. இரண்டு கண்ணும் ஒரே பக்கம். இந்த நாட்டில் பிடித்த மீனைத் துடிக்கவிடக் கூடாது, உடனே தலையில் அடித்துவிட வேண்டும். அதுதான் சட்டம். ஷெஃப் ஒரு சின்னக் கட்டையை எடுத்து, மாலை போடுகிற பணிவோடு, அந்தப் பெருமையை அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா வானத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை. "தம்பி, எங்கட வழக்கத்தில படகுக்காரர்தான் அடிக்கிறது எண்டு சொல்லு."

சொன்னேன். ஷெஃப்புக்குக் கண் கலங்கிவிட்டது. அடித்தார்.

கரையில் அம்மாவிடம் அப்பா எல்லாவற்றையும் காதுக்குள் சொன்னார். புழுவைக் கழற்றியதையும் சொன்னார். அம்மா கேட்டுவிட்டு மீனைப் பார்த்தார், ஷெஃப்பைப் பார்த்தார்.

மாலையில் கரவானுக்கு முன்னால் மேசை போட்டார்கள். வெண்ணெயில் பொரித்த மீன், உருளைக்கிழங்கு, எலுமிச்சை. ஷெஃப் கிளாஸைத் தூக்கி எழுந்து நின்றார். தீவைப் பற்றி, கடலைப் பற்றி, மூடிய கண்களைப் பற்றி எல்லாம் பேசினார். மீனின் கன்னத்துச் சதையை, அதுதான் ஆகச் சிறந்த பகுதியாம், எடுத்து அப்பாவின் தட்டில் வைத்தார். எல்லாரும் அப்பாவையே பார்த்தோம். அப்பா சிரித்தபடி முள்ளுக்கரண்டியை எடுத்தார். அதைக் கன்னத்துச் சதையில் குத்தினார்.

"தம்பி, சொல்லு," என்றார் அம்மா.

"என்ன சொல்லுறது?"

"உள்ளதைச் சொல்லு. வெள்ளிக்கிழமை நாங்கள் மீனும் சாப்பிடுறேல்லை எண்டு சொல்லு. உன்ர அப்பா தோட்டக்காரன்ர மகன், நீந்தவும் தெரியாது எண்டு சொல்லு. புழுவைக் கழட்டினதையும் சொல்லு."

"இஞ்சேர், பேசாமல் இரும்," என்றார் அப்பா. சிரிப்பை மட்டும் விடவில்லை.

"சொல்லு தம்பி."

நான் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிப்பது போல எழுந்து நின்று, வரிசையாகச் சொன்னேன். புழு வரைக்கும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஷெஃப்பின் மனைவி கையிலிருந்த பாத்திரத்தை மெல்ல இறக்கி வைத்தார். ஷெஃப் கிளாஸை வைத்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. எங்கள் விசா அந்த மேசையில், வெண்ணெய்க்குப் பக்கத்தில், ஆறிக்கொண்டிருந்தது.

"மெஷினை நிறுத்திவிட்டாயா என்று நான் கேட்கிறேன்," என்றார் அப்பாவிடம். "நீ யா என்கிறாய். அதை நம்பித்தான் நான் உள்ளே கையை விடுகிறேன்."

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அப்பா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். தன் சொந்த ஜெர்மனில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தார்:

"மெஷின் யா, உண்மை யா. எப்பவும். மீன் யா... மரியாதை யா."

ஷெஃப் அப்பாவின் தட்டை எடுத்து, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, கரவானுக்குள் கொண்டுபோய்க் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தார். பெரிய மீன் தட்டும் அப்படியே உள்ளே போனது. ஷெஃப் உட்கார்ந்தார். உருளைக்கிழங்குப் பாத்திரத்தை அப்பாவின் பக்கம் தள்ளினார்.

"உருளைக்கிழங்கு பிடிக்குமா?"

"யா," என்றார் அப்பா.

"எந்த யா?"

முதலில் சிரித்தது ஷெஃப்பின் மனைவி. பிறகு அவர் சிரிக்கிறார் என்பதற்காக அம்மா. அப்பா கடைசியாகச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மறுநாள் சனிக்கிழமை அம்மா அந்த மீனை உதிர்த்து, வீட்டிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்த மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டினார். ஷெஃப் வியர்த்து ஒழுகி, மூக்கைச் சிந்திச் சிந்திச் சாப்பிட்டார். உறைப்பு அளவோ என்று என்னைக் கொண்டு அம்மா கேட்பித்தார். "யா," என்றார் ஷெஃப், தண்ணீரைத் தேடிக்கொண்டே.

"அது மீன் யா," என்றார் அம்மா எனக்கு மட்டும் கேட்க.

இலையுதிர்காலத்தில் அப்பாவை நிரந்தரமாக்கினார்கள். ஷெஃப் என்ன சொன்னார் என்று எங்களுக்குத் தெரியாது. புழு இல்லாமல் மீன் பிடித்தவனை விடக் கூடாது என்று சொன்னதாக அப்பாவோடு வேலை செய்த ஒருவர் சொன்னார். பிறந்தநாளில் ஷெஃப் கைவிரித்துக் காட்டியது அந்தப் பகிடியைத்தான், பிள்ளைகளே. ஆசிரியையிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு அப்போது விளங்கவில்லை. சாப்பிடத் தயாராக வந்தவர் அம்மா. முருகனிடம் சொல்லிவிட்டும் வந்தவர். கடைசி நிமிடத்தில் சாமிப் பயம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். படகில் நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் இருந்தேன். மேசையில் அம்மா அவர் முகத்துக்கு நேரே இருந்தார். தன் விரதத்தை விசாவுக்குக் கொடுக்க அம்மாவுக்குச் சம்மதம். அந்தச் சிரிப்போடு அப்பா அதை விழுங்குவதைப் பார்க்கத்தான் சம்மதமில்லை. மெஷின் யாவுக்கும் மீன் யாவுக்கும் நடுவில் எத்தனையோ ஓம் உண்டு, எது எது என்று கேட்ட உடனே பிரித்தறிய அம்மா ஒருவரால்தான் முடியும் என்பது இரண்டு மொழியும் தெரிந்த எனக்குத் தெரியாமல் போயிற்று.

அந்த அம்மா, உங்கள் அப்பம்மா, இப்போது கனடாவில் தன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறார் அல்லவா? நேற்று நீங்கள் நீச்சல் வகுப்புக்குப் போன நேரம் அப்பப்பாவுக்கு டெலிபோன் எடுத்தேன்.

"சாப்பிட்டீங்களோ, அப்பா?"

"ஓம்."

"முழங்கால் நோவு குறைஞ்சிட்டுதோ?"

"ஓம், ஓம்."

"தனிய இருக்க ஏலுதோ?"

"ஓம் தம்பி. நீ யோசியாதை."

போனை வைத்தேன். எந்த ஓம்? பிறகு சோற்றையும் பருப்பையும் ஒரு பெட்டியில் போட்டு மூடி, சப்பாத்தை மாட்டிக்கொண்டு, ஹம் போகிற ரயிலைப் பிடித்தேன்.