அம்மா அடித்தால் நின்றுபோகும் கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அம்மாவைப் பிடிக்கவில்லை என்றுதான் வீட்டில் முதலில் முடிவு செய்தார்கள். அப்பா உட்கார்ந்து சீட்டு ஆடினால் அது சமர்த்தாகக் கூட ஆடும். நான் யானை வரைந்தால் தும்பிக்கை முடியும்வரை பொறுமையாகக் காத்திருக்கும். அம்மா உட்கார்ந்தால் மட்டும் பத்து வரி அடிப்பதற்குள் அப்படியே உறைந்து நின்றுவிடும். சில நாள் நீலத் திரையில் வெள்ளை எழுத்தில் எதையோ முணுமுணுத்துவிட்டு அணைந்தும் போகும். எனக்கு அப்போது பத்து வயது.

அது நாங்கள் வாங்கிய கம்ப்யூட்டர் அல்ல. விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்த சித்தப்பா, தனக்குப் புதிதாக ஒன்று வந்ததும் பழையதைத் திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தார். குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்ற பட்டம் அவருக்குத்தான். அவர் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப் பிடித்து அடிப்பதைப் பார்த்திருந்தும் அந்தப் பட்டத்தை யாரும் சந்தேகிக்கவில்லை.

அம்மாவோ கல்யாணத்துக்கு முன்னால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழும் இங்கிலீஷும் ஹையர் பாஸ் செய்து, அங்கேயே நாலு வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். நான் பிறந்ததோடு அது நின்றுபோயிற்று. கம்ப்யூட்டர் வந்த பிறகு ஓர் அச்சகத்துக்காரர் பள்ளிக்கூட வினாத்தாள்களை வீட்டிலேயே அடித்துத் தரச் சொன்னார். பத்து வருஷம் கழித்து அம்மாவின் விரல்களுக்கு மறுபடி வேலை வந்தது. அவள் அடிக்கும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். பழக்கம் அப்படி. மூன்று கார்பன் தாள்களைத் தாண்டி நாலாவது தாளிலும் எழுத்து விழவேண்டும் என்று பழகிய கை. வரி முடிந்ததும் இடது கை, கம்ப்யூட்டரில் இல்லாத டைப்ரைட்டர் நெம்புகோலைத் தள்ளுவதற்காக அரையடி உயரும். பிறகு ஞாபகம் வந்து இறங்கும்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் கம்ப்யூட்டர் நின்றுபோகும். முதலில் கரண்ட்தான் காரணம் என்று அப்பா பிளக்கை மாற்றிப் பார்த்தார். வைரஸ் என்று சித்தப்பா விழுப்புரத்திலிருந்து சிடியோடு வந்தார். அவர் வந்த அன்று அது இரண்டு மணி நேரம் பாட்டுப் பாடியது, சீட்டு ஆடியது, ஒரு குறையும் வைக்கவில்லை. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுப்போகும் பிள்ளை மாதிரி நடந்துகொண்டது.

“மெஷின்ல ஒண்ணும் இல்ல அண்ணி. நீங்கதான் எதையோ அமுக்கிட்றீங்க” என்று அவர் பஸ் ஏறிவிட்டார்.

அதோடு தீர்ப்பாகிவிட்டது. அரையாண்டுத் தேர்வு வினாத்தாள் ஒன்று முக்கால் பக்கத்தில் காணாமல்போன அன்று அப்பா பொறுமையிழந்தார். அவர் கெட்டவர் அல்ல. மல்லாட்டை மண்டியில் நாளெல்லாம் வேர்க்கடலை மூட்டை எடை போட்டுவிட்டு வருகிறவர்; வீட்டில் ஒரு தொல்லை குறைந்தால் போதும் என்று நினைத்திருப்பார்.

“ஒன் கைக்கு அது ஒத்துவரல, உடு. எதுக்கு இந்த பேஜாரு? ஞாயித்துக்கெழம தம்பி வந்து எடுத்துக்கினு போவட்டும்.”

திங்கட்கிழமை காலை அச்சகத்தில் ஆறு வினாத்தாள் தரவேண்டும். தரவில்லை என்றால் அச்சகத்துக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். மறுநாளிலிருந்து அம்மா இரண்டே விரலால், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் நடப்பதுபோல அடிக்க ஆரம்பித்தாள். கம்ப்யூட்டரும் நிற்கவில்லை. இப்போதாவது ஒழுங்காக அடிக்கக் கற்றுக்கொண்டாளே என்று அப்பா சொன்னார். ஆனால் அந்த வேகத்தில் ஒரு நாளைக்கு ஒரு வினாத்தாள்கூட முடியவில்லை. எனக்கு அழுகை வந்தது. அம்மாவுக்கு வந்ததா என்று தெரியாது, அவள் முகத்தைத் திரைப்பக்கமே வைத்திருந்தாள்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு லீடர். டீச்சர் இல்லாதபோது பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதும் அதிகாரம் என்னிடம் இருந்தது. அதே அதிகாரத்தைக் கம்ப்யூட்டர் மீதும் செலுத்தியிருந்தேன். அது தொல்லை கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொரு தடவையும் எழுதி வைத்தேன்: எத்தனை மணி, உட்கார்ந்தது யார், என்ன செய்துகொண்டிருந்தார். கம்ப்யூட்டரைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுக்கவேண்டும் என்பதுதான் என் திட்டம். பதினோரு தாள் சேர்ந்ததும் அடுக்கிவைத்துப் பார்த்தேன். உட்கார்ந்தது அம்மா, அம்மா, அம்மா. பதினொன்றிலும் அம்மா. நான் சேர்த்த சாட்சியெல்லாம் அவளுக்கு எதிராகவே இருந்தது. தாள்களை யார் கண்ணிலும் படாமல் சமூக அறிவியல் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா சமையலறையில் இருந்தாள். நான் யானை வரைந்துகொண்டிருந்தேன். மண்டியிலிருந்து வந்த அப்பா, வறுத்த மல்லாட்டையை மேசையின் மறுமுனையில் கொட்டிவைத்து, ஒவ்வொன்றாக வைத்து முஷ்டியால் குத்தி உடைத்துத் தின்றார். நாலாவது குத்தில் என் யானை நின்றுபோயிற்று. மவுஸை அசைத்தேன், திரையில் அம்பு அசையவில்லை. கம்ப்யூட்டர் பெட்டி அதே மேசையில்தான் அப்பாவின் கைக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது.

அணைத்துத் திரும்பப் போட்டுவிட்டு, “இன்னும் உடைப்பா” என்றேன். எனக்கு மல்லாட்டை வேண்டும் என்று நினைத்து அப்பா உடைத்து உடைத்து என் கையில் கொடுத்தார். திரை நிற்கும்வரை நானும் மறுக்காமல் தின்றேன். அன்றிரவு சோறு இறங்கவில்லை. ஆனால் பன்னிரண்டாவது தாள் தயாராகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. லீடர் என்றால் எல்லோர் முன்னாலும் நின்றுதானே சொல்லவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தப்பா கயிறும் காலி அட்டைப்பெட்டியுமாக வந்தார். அம்மாவுக்கு இன்னும் மூன்று வினாத்தாள் பாக்கி. சாப்பாடு முடிந்து அவர் வயரைக் கழற்றப் போனபோது நான் குறுக்கே நின்று பன்னிரண்டு தாளையும் வரிசையாக வாசித்தேன். பதினொன்று முடியும்வரை சித்தப்பா சிரித்துக்கொண்டே இருந்தார். அதைத்தானே தானும் சொன்னதாகச் சொன்னார். பன்னிரண்டாவதை வாசித்தேன்: சனிக்கிழமை, ஐந்தரை மணி, உட்கார்ந்தது நான், பக்கத்தில் அப்பா, மல்லாட்டை.

அப்பா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்.

நிரூபிக்கிறேன் என்று மேசையைக் குத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி குத்தினேன். கைதான் வலித்தது. சித்தப்பா கயிற்றைப் பிரிக்க ஆரம்பித்தார். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

“அம்மா, நீ அடி. இன்ஸ்டிடியூட்ல அடிப்பியே, அப்பிடி அடி” என்றேன்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். பத்து விரலும் இறங்கின. மேசையே அதிர்ந்தது. மூன்றாவது வரியில் திரை நின்றது. பெட்டியைத் தரையில் இறக்கி வைக்கச் சொன்னேன். சித்தப்பா சிரிக்காமல் இறக்கி, அணைத்துத் திரும்பப் போட்டார். அம்மா மறுபடி அடித்தாள். ஒரு பக்கம் முழுக்க நிற்காமல் ஓடியது, அவளும் நிற்கவில்லை. அந்த வீட்டில் அன்றைக்கு என்னைவிடப் பெருமைக்காரி யாரும் இருந்திருக்க முடியாது. இன்று சென்னையில் மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பதே எனக்குச் சம்பளம் தரும் வேலை. அந்தப் பன்னிரண்டாவது தாளுக்கு ஈடாக ஒன்றை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

சித்தப்பா தையல் மிஷின் ஸ்குரூ டிரைவரை வாங்கிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ரேம் என்கிற நினைவகப் பட்டை ஒன்று, ஒரு பக்கம் கவ்வாமல் பாதி எழும்பி நின்றது. மேசை அதிரும்போதெல்லாம் அது தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. அவர் வீட்டில் இருந்தபோதே அப்படித்தான் இருந்திருக்கும். ஒற்றை விரலுக்கு அது எப்படி அசையும்? என் வாசனை ரப்பரைக் கேட்டு வாங்கி, பட்டையின் ஓரத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்தினார்.

“தப்பா சொல்லிட்டேன் அண்ணி. ஒங்க கைய இந்த மெஷினாலதான் தாங்க முடியல” என்றார். காலி அட்டைப்பெட்டியோடு விழுப்புரம் பஸ் ஏறினார்.

அப்பா உள்ளே போய் டிவியில் கிரிக்கெட் போட்டார். அம்மா மிச்சமிருந்த வினாத்தாள்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இனி எப்படி அடித்தாலும் யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. அவள் அன்று அடித்ததுபோல நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. வரி முடியும்போதெல்லாம் இடது கை தானாக உயர்ந்து இறங்கியது. எதிர்வீட்டு அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே கிரிக்கெட் சத்தம் நின்றுவிட்டது. ஜெயிக்கிற மாதிரி இருந்த ஆட்டம். டிவிக்கும் அதே கோளாறு வந்துவிட்டது என்று ரப்பரை எடுத்துக்கொண்டு ஓடினேன். அப்பா கருப்புத் திரைக்கு முன்னால், அம்மா அடித்துக்கொண்டிருந்த பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

“டிவிக்கு இன்னாப்பா ஆச்சு?”

“ஒண்ணும் ஆவல. நாந்தான் நிறுத்துனேன். சத்தம் கேக்கல. கம்முனு உக்காரு.”

சத்தம் கேட்கவேண்டும் என்றால் டிவியை ஏன் நிறுத்தினார் என்று எனக்கு விளங்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று டிவியின் பின்னால் போய் வயரையெல்லாம் ஒரு தடவை அழுத்திவிட்டு வந்தேன்.