பெஞ்சின்மேல் ஏறிய வெள்ளத்து வகுப்பு

வாத்தியார் வேலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வேறு வேலை கிடைக்காமல் வந்தவர்கள். மீதிப் பாதி அதை ஒப்புக்கொள்ளாதவர்கள். நான் முதல் பாதி. பரீட்சையில் தவறி, வீட்டுப் பெரியவர்கள் கைகாட்டிய ஏதோ ஒரு வேலையில் தொப்பென்று விழுந்த உங்களுக்கெல்லாம் என் பாடு புரியும். புரியாதவர்கள் தேறினவர்கள். அவர்களுக்காக நான் எழுதவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது ஹவுராவில். அப்பாவுக்கு ரயில்வே கணக்கு ஆபீஸ். எனக்கு வீட்டில் தமிழ், தெருவில் வங்காளி. அந்த வருஷ மழையில் தாமோதர் நதி கரையை உடைத்துக்கொண்டு ஊர் ஊராகப் புகுந்தது. வீடு போனவர்கள் ரயிலேறி ஹவுராவில் வந்து இறங்கினார்கள். பெரியவர்கள் சணல் மில்லில் கூலிக்குப் போய்விட, பிள்ளைகள் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். இவர்களைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளிக்கூடங்களுக்குக் கவர்மென்ட் உதவிப்பணம் தரும் என்று உத்தரவு வந்தது. எங்கள் பேட்டைப் பள்ளிக்கூடம் பின்கட்டில் ஒரு வகுப்பு திறந்தது. பெஞ்சு, சிலேட்டு, மத்தியானம் ஒரு கை முரி (நம்முடைய அரிசிப்பொரிதான்), அதோடு ஒரு உதவி வாத்தியார், எல்லாம் கவர்மென்ட் செலவு.

அந்த உதவி வாத்தியார் நான். பணம் அடுத்த வருஷத்துத் துர்கா பூஜை வரைக்கும்தான். அதற்கு முன்னால் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, வேண்டும் என்றால் வகுப்பு நடக்கும். வேண்டாம் என்றால் பிள்ளைகள் திரும்பப் பிளாட்பாரத்துக்கு. நான் திரும்பப் பரீட்சைக்கு. எது பெரிய ஆபத்து என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால் பரீட்சை என்றுதான் சொல்லியிருப்பேன்.

என் தகுதி

ஹெட்மாஸ்டர் ஹரிபாத பாபு என்னுடைய பழைய ஹெட்மாஸ்டர்தான். அவர் பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்து படித்த நாளைவிட பெஞ்சின்மேல் நின்று படித்த நாள் அதிகம். கணக்கு வராவிட்டால் "ஏறு பெஞ்சின்மேல்!" பேசினால் "ஏறு!" சும்மா இருந்தால், என்ன யோசனை என்று கேட்டு, "ஏறு!" அப்படிப்பட்டவர் ஒருநாள் வீட்டுக்கே வந்து, பையனை வாத்தியாராக அனுப்புங்கள் என்று அப்பாவிடம் கேட்டார். வெள்ளத்துப் பிள்ளைகளின் சத்தத்துக்கு மேலே கத்தக்கூடிய ஆள் ஹவுராவில் நான் ஒருவன்தானாம்.

அவர் போகும்வரை அப்பா மரியாதையாகத் தலையாட்டினார். அவர் குடை வாசலைத் தாண்டியதும் அம்மா பக்கம் திரும்பினார். "கணக்கிலே தவறினவனைக் கணக்குச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிடறா. வெள்ளம் நெஜமாவே பெரிசுதான் போலிருக்குடீ!"

முதல் தண்டனை

முதல் நாளே நிமாய் என்கிற பையன் என் குடுமியைப் பின்னாலிருந்து இழுத்தான். எனக்குத் தெரிந்த வாத்தியார்த்தனம் ஒன்றே ஒன்று. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, என் வாழ்நாள் ஆசை நிறைவேற, "ஏறு பெஞ்சின்மேல்!" என்று கர்ஜித்தேன்.

நிமாய் கண்மூடித் திறப்பதற்குள் ஏறிவிட்டான். அவனோடு அவன் பெஞ்சு முழுக்க ஏறியது. அடுத்த பெஞ்சு ஏறியது. மூலையில் உட்கார்ந்திருந்த சின்னக்குட்டிகளைப் பெரியவர்கள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேலே தூக்கினார்கள். வகுப்பில் தரையில் நின்றவன் நான் ஒருவன்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தண்டனை இவனுக்கு, நீங்களெல்லாம் ஏன் ஏறினீர்கள், இறங்குங்கள் என்று கத்தினேன். பூட்டி என்று ஒரு பெண், ஆறேழு வயதிருக்கும், அண்ணன் நிமாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். "அவனை மட்டும் காப்பாத்தறீங்களே மாஸ்டர், நாங்க என்ன பண்ணினோம்?"

ஒல்லி நதி

கவர்மென்ட் அனுப்பிய சாமான்களில் வங்காளத்துப் படம் ஒன்று வந்தது. துணியில் ஒட்டி, மேலும் கீழும் கட்டை வைத்து, ஜோராக இருந்தது. சுவரில் மாட்டி, பிரம்பால் தொட்டு, "இதோ பாருங்கள், இதுதான் தாமோதர்" என்றேன். பயப்படுவார்கள், அழுவார்கள், தேற்றலாம் என்று நாலு வார்த்தைகூடத் தயாராக வைத்திருந்தேன்.

ஒருத்தன் களுக்கென்றான். அவ்வளவுதான், வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. படத்தில் நதி ஒரு நீல நூல். அவர்கள் பார்த்தது ஊரைவிட அகலமான நதி. நான் பிரம்பைத் தட்டத் தட்டச் சிரிப்பு ஏறிக்கொண்டே போனது. உண்மையைச் சொன்னால் எனக்கும் வந்துவிட்டது. நிமாய்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, படம் போட்டவர்மேல் இரக்கப்பட்டு, சமாதானம் சொன்னான். "பாவம் மாஸ்டர், அவர் கோடையிலே வந்து பார்த்துட்டுப் போயிருப்பார்."

எதிர்ச் சந்து வெள்ளம்

முரி கொடுக்கிறார்கள் என்ற சேதி பரவினதும் எங்கள் வகுப்பின் கியாதி ஏறிவிட்டது. ஒருநாள் காலை ஓர் அம்மாள், கேலோ என்ற பையனைத் தலையோடு கால் சொட்டச் சொட்ட நனைத்து இழுத்துக்கொண்டு வந்தாள். வெள்ளத்தில் வந்தவர்களாம். வெள்ளம் வந்து மாதங்கள் ஆகின்றன. பையன் இன்னும் காயவில்லை! தெருக்குழாயில் அவனை அவள் பிடித்து நிறுத்தியதை நானே பார்த்தேன்.

"எந்த ஊர்?" என்றேன்.

"தாமோதர்."

"அது நதி அம்மா."

"ஆமாம், அதிலேதான் இருந்தோம்."

"உங்கள் வீடு எதிர்ச் சந்தில், வண்ணான் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தினமும் நான் அந்த வழியாகத்தான் வருகிறேன்" என்றேன். எனக்கு மூடி மறைத்துப் பேச வராது. அவளுக்கும் வரவில்லை. முந்தானையால் பையன் தலையைத் துவட்டிக்கொண்டே என்னைப் பார்த்து ஒரு வெட்டு வெட்டினாள். ஹரிபாத பாபு உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பையனை உட்காரவை என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். இப்படியே இன்னும் இரண்டு பேர் பிற்பாடு வந்து சேர்ந்தார்கள். எல்லோருக்கும் வழி திறந்தது அந்த அம்மாள் அன்று கேட்ட கேள்விதான். "வீட்டைத் தண்ணிதான் அடிச்சிட்டுப் போகணுமா மாஸ்டர்? இவன் அப்பன் குடிச்சே முடிச்சிட்டான்."

சிலேட்டு எங்கே?

ஒரு திங்கட்கிழமை ஹரிபாத பாபு முகம் சிவக்க என்னைப் பிடித்துக்கொண்டார். பின்கட்டு வகுப்பில் ஒரு சிலேட்டுகூட இல்லை, கவர்மென்ட் சொத்து, இன்ஸ்பெக்டருக்கு என்ன பதில் சொல்வது, விற்றுத் தின்றுவிட்டாயா என்று குதித்தார். நானும் பதிலுக்குக் குதித்தேன். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே வகுப்புக்குள் போனோம். தரையில் ஒன்றுமில்லை, பெஞ்சில் ஒன்றுமில்லை. அலுத்துப்போய் ஹரிபாத பாபு தலையை உயர்த்தி "பகவானே!" என்றார். அங்கே இருந்தன அத்தனை சிலேட்டும். கூரை உத்தரத்திலிருந்து கயிற்றில் கட்டி, புடலங்காய் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. சாயங்காலம் போகும்போது இவர்கள் எதையும் தரையில் வைத்துவிட்டுப் போகமாட்டார்கள் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இறக்கச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு பேரும் அண்ணாந்துகொண்டு நின்றோம். பெருக்குகிற ராம்தனி துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு எங்கள் காலை நகர்த்தச் சொன்னான். "அதை ஏன் பாபு கெடுக்கறீங்க? இந்தப் பள்ளிக்கூடத்திலே பெருக்கறதுக்குச் சுகமான வகுப்பு இது ஒண்ணுதான்."

பாலம் திறக்கும் நாள்

மறு வருஷ மழை வந்தது. பூஜையும் கிட்டே வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் எந்த நாளில் வரலாம் என்று கேட்டுக் கடிதம் வந்ததும் ஹரிபாத பாபுவுக்குத் தூக்கம் போயிற்று. ஊரில் வெள்ளம் வடிந்துவிட்டது, இந்த வகுப்புகளை மூடிவிடலாம் என்று ஆபீஸில் பேச்சு என்று கேள்வி. போதாக்குறைக்கு எதிர்ச் சந்து மூன்று பேர் வேறு. "அவர் என்ன கேட்டாலும் நீ மட்டும் வாயைத் திறக்காதே" என்று எனக்குத் தினம் இரண்டு வேளை உபதேசம்.

இன்ஸ்பெக்டர் இருப்பது கல்கத்தாவில். அங்கிருந்து ஹவுராவுக்கு வர, ஆற்றின்மேல் போட்ட மிதவைப் பாலம் ஒன்றுதான். கப்பல் போகவேண்டிய நாளில் நடுவில் தெப்பங்களை விலக்கிப் பாலத்தைத் திறந்துவிடுவார்கள். மணிக்கணக்கில் வண்டியும் போகாது, மனிதனும் போகமாட்டான். ஹரிபாத பாபு பத்திரிகையைப் பார்த்து, பாலம் திறக்கிற நாளாகப் பொறுக்கி, "அன்று வந்தால் எங்களுக்கு மிகவும் சௌகரியம்" என்று பதில் எழுதினார். அந்த நாளும் வந்தது. பாலம் திறந்தது. அக்கரையில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஹரிபாத பாபு வெற்றிலை போட்டுக்கொண்டு, காலை நீட்டி, "பூஜைக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். வாசலில் நனைந்த ஷூ ஒன்று சளக் சளக் என்றது. இன்ஸ்பெக்டர் பாபு கோட்டைப் பிழிந்துகொண்டு உள்ளே வந்தார். "பாலம் திறந்தால் ஆற்றில் படகும் நின்றுவிடும் என்று உங்களுக்கு யார் சொன்னது, ஹரிபாத பாபு?"

ஒரு பானைத் தண்ணீர்

இன்ஸ்பெக்டர் வகுப்பைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். கூரையில் தொங்கிய சிலேட்டுக் கயிறுகளைப் பார்த்தார். "ஊரில் தண்ணீர் வடிந்து எத்தனையோ மாதம் ஆகிறது. இவர்கள் ஏன் இன்னும் இங்கே?"

"வயலெல்லாம் மணல் மூடிக் கிடக்கிறது ஐயா" என்றார் ஹரிபாத பாபு.

"கவர்மென்ட் பணம் வெள்ளத்துக்கு. மணலுக்கு இல்லை." பிறகு நேரே என் பக்கம் திரும்பினார். "நீர் சொல்லும். இத்தனை பேரும் வெள்ளத்துப் பிள்ளைகள்தானா?"

வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அது எனக்குப் பழக்கமில்லாத வேலை. "இல்லை. மூன்று பேர் எதிர்ச் சந்து" என்றேன்.

ஹரிபாத பாபு திடுக்கிட்டுத் துள்ளினார். அவர் கக்கத்துக் குடை, ஜன்னலோரத்துப் பானையில் இடித்தது. பானை விழுந்து உடைந்து, குடிதண்ணீர் அத்தனையும் தரையில் ஓடியது.

"ஜல்!" என்று ஒரு சத்தம், வங்காளியில் தண்ணீர். அடுத்த கணம் தரையில் பிள்ளை இல்லை. சிலேட்டுகள் மேலே, சின்னக்குட்டிகள் மேலே, பூட்டி மேலே. நிமாய் எட்டி இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்து, "பாபு, சீக்கிரம்!" என்று இழுத்தான், இன்னும் இரண்டு பேர் கோட்டைப் பிடித்துத் தூக்கினார்கள். அவர் என்ன ஏதென்று கேட்பதற்குள் பெஞ்சின்மேல் நின்றார். ஹரிபாத பாபுவை ஒருத்தன் குடையைப் பிடித்தே ஏற்றிவிட்டான். நான் யாரும் சொல்லாமலே ஏறினேன், பழைய பழக்கம்.

கீழே மூன்றே மூன்று பேர், வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். கேலோவும் மற்ற இருவரும். யார் எதிர்ச் சந்து என்று என்னை இனி யாரும் கேட்கவேண்டியதில்லை. பூட்டி குனிந்து கையை நீட்டினாள். "ஏறுடா கேலோ, மெதுவாத்தான் வரும், அப்புறம் ஒரேயடியா வரும்." கேலோ கையைப் பிடித்து ஏறினான். மற்ற இருவரும் ஏறினார்கள்.

இன்ஸ்பெக்டர் பெஞ்சின்மேலிருந்தே தொண்டையைச் செருமினார். "பின்னால் ஏறின மூன்று பேருக்கும் கவர்மென்ட் முரி கிடையாது."

"என் வீட்டில் முரி இருக்கிறது ஐயா" என்றார் ஹரிபாத பாபு, அடுத்த பெஞ்சிலிருந்து.

"அது உம்முடைய சமாசாரம்." அவர் கீழே பார்த்தார். பானைத் தண்ணீர் வாசல்படி வழியாக ஓடி மறைந்துகொண்டிருந்தது. "சரி, தண்ணீர் வடிந்துவிட்டது. எல்லோரும் இறங்கலாம்" என்று சொல்லி ஒரு காலைக் கீழே விட்டார்.

பூட்டி அவர் கோட்டு வாலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இறங்காதீங்க பாபு! வடிஞ்சுடுச்சுன்னு பெரியவங்க அன்னிக்கும் அப்படித்தான் சொன்னாங்க."

அவர் விட்ட காலை மெதுவாக மேலே எடுத்துக்கொண்டார். ஹரிபாத பாபுவைத் திரும்பச் சொல்லி, அவர் முதுகில் காகிதத்தை வைத்து, நின்றபடியே எழுதினார். பூஜை வந்தது, போயிற்று. பின்கட்டு வகுப்பு இன்னும் நடக்கிறது, எதிர்ச் சந்து மூவரும் சிந்தாமல் முரி தின்கிறார்கள்.

பெஞ்சின்மேல் ஏற்றி ஏற்றியே என்னைப் பள்ளிக்கூடத்தைவிட்டு வெளியே அனுப்பினார்கள். பெஞ்சின்மேல் ஏறியே நான் அதற்குள் தங்கிவிட்டேன்.