ஐவி கசாயத்துக்கு எத்தனை ஸ்பூன்?

"மேடம், கசாயம் கொதிச்சு எறக்கியாச்சுங்க. பாப்பாவுக்கு எத்தனை ஸ்பூன் குடுக்கட்டுங்க?"

குன்னூரில் நான் வேலை பார்க்கும் மெடிக்கல் ஷாப்புக்கு ஒரு காலையில் வந்த போன் அது. பேசியவர் செல்வராணி, தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர்.

"என்ன கசாயம்?"

"நீங்க சொன்ன ஐவி எலைதானுங்க. மருந்து தீந்துபோச்சு, இருமல் நிக்கலீங்க. பங்களாச் சுவத்துல ஒரு கை பறிச்சாந்தேன்."

"குடுக்காதீங்க!" என்று கத்தினேன். அதற்குள் லைன் கட்டாகிவிட்டது. திரும்ப அடித்தேன். ரிங்கே போகவில்லை.

தப்பு என்னுடையது. நான்கு நாளுக்கு முன் செல்வராணி டாக்டர் சீட்டோடு வந்து, தன் நாலு வயது மகளுக்கு இருமல் சிரப் வாங்கினார். அட்டைப்பெட்டியில் இருந்த படத்தைக் காட்டி, "இது என்ன எலைங்க?" என்று கேட்டார். இருபது வருட பார்மசிஸ்ட் அல்லவா, பெருமையாகச் சொன்னேன்: "உங்க எஸ்டேட் பங்களாச் சுவத்துல படர்ந்திருக்கே ஐவிக் கொடி, அதேதான். சளியை இளக்கும்." அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஸ்கூட்டரை எடுத்தேன். வெள்ளைக் கோட்டைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. வளைவுக்கு வளைவு ஹார்ன் அடித்துக்கொண்டே எஸ்டேட் ரோட்டில் ஏறினேன்.

தொழிலாளர் குடியிருப்பில் அவருடைய லைன் வீட்டு வாசலிலேயே கேட்டேன். "குடுத்துட்டீங்களா?"

"இல்லீங்க. சூடா இருக்குன்னு ஆத்திட்டிருக்கேன்."

டம்ளரை வாங்கி அப்படியே கொட்டினேன். அப்போதுதான் அவர் கைகளைப் பார்த்தேன். முழங்கை வரை சிவந்து தடித்திருந்தன.

"எலை பறிச்சதுல இருந்து ஒரே அரிப்புங்க."

"பச்சை எலையோட சாறு பட்டதுக்கே இப்படி. கொழந்த வயித்துக்குள்ள போனா வாந்தி, வயித்துப்போக்குதான். கம்பெனியில அளந்து, சோதிச்சு பாட்டில்ல அடைக்கறாங்க. நம்ம அடுப்புல அந்த அளவு எப்படிங்க வரும்?"

பேசிக்கொண்டே, வேகவேகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்த குழந்தையின் சட்டையைத் தூக்கினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. இதற்கு எந்த சிரப்பும் போதாது.

"கௌம்புங்க, ஆஸ்பத்திரிக்கு!"

எஸ்டேட் ஜீப்பில் அரை மணியில் போய்ச் சேர்ந்தோம். நிமோனியா. "இன்னிக்கே கொண்டாந்தீங்களே, நல்லதாப் போச்சு" என்றார் டாக்டர். அடுத்த வாரம் அந்தப் பாப்பா எங்கள் கடைப் படியைத் தானே ஏறி வந்தபோது, சீட்டோடு நின்றவர்களை விட்டுவிட்டு ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டேன்.

இப்போது ஐவி சிரப் கொடுக்கும்போதெல்லாம் மூன்று விஷயம் சொல்கிறேன். டாக்டர் எழுதிய அளவைத் தாண்டாதீர்கள். பச்சை இலையைப் பறித்துக் காய்ச்சாதீர்கள். மூச்சு வாங்கினால் எங்கள் கடைக்கு வராதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூன்றாவதைச் சொல்லும்போது என் குரல் தானாக உயர்ந்துவிடுகிறது.