அம்மாவுக்குக் காட்ட ஒரு வீடியோ

போன வருடம் ஐப்பசியில், மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. இலங்கை மலைநாட்டில், அப்புத்தளையிலிருந்து பெரகல பக்கம் இறங்கும் வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றுதான் எங்கள் வீடு. அங்கேதான் இது நடந்தது.

என் அக்கா, நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே கல்யாணம் முடித்து, புருஷன் வீட்டாரோடு இந்தியாவுக்குப் போய்விட்டாள். கோத்தகிரியில் குடியேறினார்கள். அதற்குப் பிறகு நாங்கள் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. பல வருடம் கடிதம், பிறகு போன். அவளுடைய ஒரே மகன் அங்கே கடற்படையில் சேர்ந்து, நீர்மூழ்கிக் கப்பலில் இஞ்சின் வேலை பார்க்கிறான். அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவாள்.

அந்த ஐப்பசிக்குச் சற்று முன்னால் அக்கா மாரடைப்பில் இறந்துபோனாள். என்னிடம் பாஸ்போர்ட் கிடையாது, போக முடியவில்லை. மகனும் கடலுக்கடியில் இருந்தான். அங்கே போன் பேச வழியில்லை. கப்பலில் இருப்பவர்களின் குடும்பங்களுக்கு ஒத்தாசை செய்கிற ஒரு அம்மா கோத்தகிரி வீட்டுக்கு வந்து, "தகவல் சொல்ல வேண்டுமென்றால் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்" என்றாராம். அக்கா புருஷன், எங்கள் அத்தான்தான் வேண்டாம் என்றுவிட்டார்.

அந்த நிலைமையில்தான் அவனிடமிருந்து எனக்கு போன் வந்தது. "சித்தி, எங்க கப்பல் கொழும்புக்கு வந்திருக்கு. நாளைக்கு எங்களை உங்க பக்கத்துல எல்லங்கிற ஊரச் சுத்திப்பார்க்கக் கூட்டிட்டு வர்றாங்க. பர்மிஷன் வாங்கிட்டு அங்க வந்துட்டுப் போறேன். அம்மா பொறந்த வீட்டப் பார்க்கணும்."

உடனே அத்தானுக்குப் போன் போட்டேன்.

"சொல்லிராத. காரியமெல்லாம் முடிஞ்சு போச்சு. இப்பச் சொன்னா அந்த இரும்புக்குள்ள அடைஞ்சு கெடந்து யார்கிட்ட அழுவான்? ஊருக்கு வரட்டும், நானே சொல்லிக்கிறேன்" என்றார்.

"அத்தான், நான் எப்படி அவன் மூஞ்சியப் பார்க்கிறது?"

"கொஞ்ச நேரந்தானே. சமாளி."

அக்காவின் படத்தையும் முன்னால் ஏற்றியிருந்த விளக்கையும் எடுத்து அலமாரிக்குள் வைத்தேன். பிறகு லயத்தில் வீடு வீடாகப் போய், வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். செத்துப்போன கூடப்பிறந்தவளை ஒளித்து வைக்கிற மாதிரி இருந்தது.

ஆட்டோவில் வந்து இறங்கினான். அக்காவின் அதே சிரிப்பு. உள்ளே வரும் முன் வாசல் நிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "நேத்து வீட்டுக்குப் பேசினேன் சித்தி. அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்காம், பேச முடியலையாம். அப்பாதான் பேசினாரு" என்றான். நான் தேத்தண்ணி போடுகிற சாக்கில் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

பக்கத்து வீட்டு அம்மா அவனைப் பார்க்க வந்தார். அக்காவோடு ஒன்றாக விளையாடியவர். அவன் தாடையைப் பிடித்து, "அப்படியே ஆத்தா மூஞ்சி. பாவி மக, இதப் பார்க்கக் குடுத்து வைக்கலையே" என்று சொல்லியேவிட்டார்.

அவன் சிரித்தான். "அம்மாவுக்கு பஸ்ஸே ஒத்துக்காது பெரியம்மா. பிளேன்ல எங்க ஏறுறது!"

அந்த அம்மா மறுபடி வாய் திறப்பதற்குள் என் மகள் குறுக்கே புகுந்தாள். "அண்ணே, அவ்வளவு பெரிய இரும்பு எப்படி முங்குது? எப்படித் திரும்ப மேல வருது?"

பேச்சை மாற்றத்தான் கேட்டாள். அவனோ உற்சாகமாக எழுந்துவிட்டான். ஒரு பிளாஸ்டிக் போத்தலின் அடியில் ஓட்டை போட்டு, கல்லைக் கட்டி, போத்தல் வாயில் ஒரு குழாயைச் செருகி, வாசலில் இருந்த தண்ணீர் டிரம்மில் விட்டான். தண்ணீர் ஏறப் போத்தல் மூழ்கியது. குழாயில் ஊதினான், மேலே வந்தது. லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நின்று கைதட்டினார்கள்.

மகள் மட்டும் கைதட்டவில்லை. "டீசல் இஞ்சினுக்குக் காத்து வேணுமே. தண்ணிக்குள்ள எப்படி ஓட்டுவீங்க?" என்று கேட்டாள். இது பேச்சை மாற்றக் கேட்ட கேள்வி இல்லை.

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். "உள்ள போனா பேட்டரிதான். மேல வந்து இஞ்சினப் போட்டு சார்ஜ் ஏத்திக்குவோம். நீ என்ன படிக்கிற?"

"ஓஎல் பரீட்சை முடிச்சிட்டேன். அப்பா கொழும்புல துணிக் கடைக்குப் போகச் சொல்றாரு."

"துணிக் கடைக்கா? இந்தக் கேள்வி கேக்கிற பிள்ளையவா? பதுளையில மெக்கானிக் படிப்பு இருக்கும், விசாரி. பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குன்னு கேட்டா, ஸ்பேனருக்கு அதெல்லாம் தெரியாதுன்னு சொல்லு."

புறப்படும்போது போனை எடுத்து என் முன்னால் நீட்டினான். "சித்தி, அம்மாவுக்கு ரெண்டு வார்த்தை பேசுங்க. வீட்டுக்குப் போனதும் காட்டணும்."

என்னால் மறுக்க முடியவில்லை. "அக்கா, ஒம் மகன் வந்திருக்கான். நீ பொறந்த வீட்டுல நிக்கிறான். நீ ஒண்ணுக்கும் கவலப்படாத" என்றேன். அதற்கு மேல் முடியவில்லை. அவள் செத்த செய்தி வந்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

"இதுக்குப் போய் அழுவீங்களா சித்தி!" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். லயமே வாசலில் நின்று அவனுக்குக் கையசைத்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவன் ஊர் திரும்பி, அத்தான் எல்லாம் சொன்ன பிறகு ஒரு நாள் அவனிடமிருந்து போன் வந்தது. நான் "தம்பி" என்றேன்.

"அந்த வீடியோவ இன்னைக்குத்தான் போட்டுப் பார்த்தேன். நீங்க அழறீங்க, நான் சிரிக்கிறேன். அங்க நின்ன சின்னப் பிள்ளைங்களுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டுந்தான் தெரியல, இல்ல?"

நான் அத்தான் சொன்னதைச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் வைத்துவிட்டான். அதற்குப் பிறகு நான் எத்தனையோ முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

மகள் இப்போது பதுளையில் டீசல் மெக்கானிக் படிக்கிறாள். அவளுடைய அப்பா முதலில் கத்தினார், பிறகு விட்டுவிட்டார். பாடத்தில் சந்தேகம் வந்தால் அவள் தன் அண்ணனுக்குத்தான் எழுதுவாள். அவளை அவன் கோபித்துக்கொள்ளவில்லை. பொறுமையாகக் குரல் பதிவில் விளக்கி அனுப்புவான். வீட்டில் அவள் அதைப் போட்டுக் கேட்கும்போது நான் அடுப்படியில் கை வேலையை நிறுத்திவிட்டு நிற்பேன். சித்தி எப்படி இருக்காங்க என்று ஒரு தடவைகூட அந்தக் குரல் கேட்டதில்லை.

எல்லாம் அவன் நல்லதுக்குத்தான் செய்தோம் என்று அத்தான் இன்றும் சொல்கிறார். அவனால் தாங்க முடியாது என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டினோம். ஆனால் அன்றைக்கு என் வாசலில் அவன் அழுவதைப் பார்க்க எங்களுக்குத்தான் தைரியம் இல்லாமல் போனது என்பது, அவன் குரலைக் கேட்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு உறைக்கிறது.