நாலாவது புள்ளடி

பிஸ்கட் பெட்டி அட்டை அது. மாமா அதைச் சதுரமாக வெட்டி, ஓரம் சீவி, மேலே எங்கள் கட்சிச் சின்னத்தை வரைந்து, கீழே நாலு வேட்பாளர் இலக்கங்களைச் சிவப்புப் பேனாவால் பெரிது பெரிதாக எழுதினார். சின்னத்துக்கு நேரே பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி. நாலு இலக்கத்துக்கும் ஒவ்வொன்று. “கோட்டைத் தாண்டாம போடச் சொல்லு. நம்ம சனத்துக்குக் கை நடுங்கும்” என்று சொல்லி என் கையில் கொடுத்தார். நான் அதற்குக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். எவ்வளவு பெருமை எனக்கு! தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியை, உயர்தரம் பாஸ் பண்ணின பெண், லயத்து வரிசை வீட்டுச் சனத்துக்கு வாக்குப் போடச் சொல்லிக் கொடுக்கப் போகிறாள். அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் போட்ட நடையை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மாமா என் அம்மாவின் அண்ணன். எங்கள் தோட்டத்தில் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் அவர்தான். வட்டகொடை ஸ்டேசனில் ரயில் இறங்கி மேலே ஏறி வருகிற எந்த அதிகாரியும் முதலில் அவரைத்தான் கேட்பான். கிராம சேவகரிடமும் பொலிசிலும் மடமடவென்று சிங்களத்தில் பேசி, அரை மணியில் காரியத்தை முடித்துக்கொண்டு வருவார். ஹட்டனில் பெரிய பள்ளிக்கூடத்தில் எனக்கு இடமில்லை என்று சொன்னபோது, அந்த ஒஃபீஸ் வாசலில் காலையில் உட்கார்ந்தவர், “இந்தப் புள்ளைய சேத்துக்கிட்டாத்தான் நான் எந்திரிப்பேன்” என்று மத்தியானம் வரை அசையவில்லை. சேர்த்துக்கொண்டார்கள். அப்பா இல்லாத எனக்கு அந்த ஒரு நாள் போதாதா? அதற்குப் பிறகு மாமா சொன்ன எதையும் நான் இரண்டாம் தரம் யோசித்தது கிடையாது. இதைச் சொல்லாமல் மேலே போனால், இவள் என்ன மக்கா என்று கேட்பீர்கள். மக்கு இல்லை. பாசம்.

அந்த வருசம் எங்கள் பழைய எம்.பி., உடம்பு முடியவில்லை, இனிமேல் எலெக்சன் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அந்த நாற்காலியில் இருந்தவர் அவர். இடம் காலியானதும் மாவட்டம் முழுக்க ஆளாளுக்குச் சட்டை இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டார்கள். சங்கத்தின் கட்சி வேட்பாளர் பட்டியல் போட்டது. அதில் மூன்று பேர் சங்கத்துப் பெரிய ஐயாமார். நாலாவதாக, யாரும் எதிர்பார்க்காமல், எங்கள் தலைவியக்கா. பெண்கள் பேர் ஒன்றாவது பட்டியலில் இருக்கட்டும் என்று மேலே யாரோ சொல்லியிருக்கிறார்கள். மற்ற இலக்கங்களைப் பற்றி எங்கள் பக்கம் யாருக்கும் கவலையில்லை.

தலைவியக்கா எங்கள் தோட்டத்து மாதர் தலைவி. கொழுந்து எடுக்கிறவர். பிள்ளைகளை விட்டுவிட்டு மலைக்குப் போகிற புள்ளைக்காம்பராவின் கூரை ஒழுகி, கைக்குழந்தைகள் நனைந்து கிடந்தபோது, அத்தனை தாய்மாரையும் பிள்ளைகளோடு கூட்டிக்கொண்டு போய் ஃபெக்டரி வாசலில் உட்கார்ந்தவர். தகரம் லொறியில் வந்து இறங்கிய பிறகுதான் எழுந்தார். அது முதல் பக்கத்துத் தோட்டங்களிலும் ஏதாவது என்றால் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். வேட்புமனு போட்டுவிட்டு நுவரெலியாவிலிருந்து பஸ்ஸில் வரும்போது என்னிடம் சொன்னார்: “நான் பார்லிமெண்டுக்குப் போனாலும் படியேறும்போது கால்ல அட்டை கடிச்சிருக்கான்னு குனிஞ்சு பாப்பேன்டி. டீவில காட்டிருவாங்க, மானம் போயிரும்!” பஸ்ஸே சிரித்தது. சிரித்து முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

எங்கள் நாட்டில் வாக்குப் போடுவது இரண்டு வேலை. முதலில் கட்சிக்கு ஒரு புள்ளடி. பிறகு அந்தக் கட்சி ஆட்களில் உனக்குப் பிடித்தவர்களின் இலக்கத்துக்குப் புள்ளடி. இதுதான் விருப்பு வாக்கு, எங்கள் சனம் சிங்களத்தில் மனாப்பே என்று சொல்வது. கட்சிக்கு எத்தனை இடம் என்பதைக் கட்சி வாக்கு சொல்லும். அதில் யார் போய் உட்காருவது என்பதை விருப்பு வாக்குத்தான் சொல்லும். ஒருவர் மூன்று பேருக்கு வரை போடலாம்.

மாமா நாலு என்றார். “இந்தத் தடவ மாத்திட்டாங்க” என்று தேர்தல் ஒஃபீஸிலிருந்து வந்த ஒரு சுற்றுநிருபத் தாளைக் காட்டினார். முழுக்கச் சிங்களம். எனக்குப் பஸ் போர்ட் வாசிக்கிற அளவுக்குத்தான் சிங்களம். ஒரு வரியில் விரலை வைத்து, “இந்தா, நாலுன்னு போட்டிருக்கு பாரு” என்றார். நான் பார்த்தேன். என்னத்தைப் பார்த்தேன்? அவருடைய விரலைப் பார்த்தேன். “மூணு ஐயாமாரையும் நம்ம பகைச்சுக்க முடியாது. அக்காவையும் விட்டுக் குடுக்க முடியாது. நாலு பேருக்கும் போட்டுட்டா யார் மனசும் நோகாது.” எங்கள் சனத்துக்கு இதைவிடப் பிடித்த பேச்சு வேறு உண்டா? யார் மனசையும் நோகடிக்காமல் ஒரு காரியம் முடிகிறதென்றால் உடனே தலையாட்டிவிடுவோம்.

எங்கள் தோட்டத்தின் இரண்டு பிரிவுகளான மேல் கணக்கும் கீழ் கணக்கும், பக்கத்துத் தோட்டம் இரண்டும். அக்காவுக்கென்றே வாக்கு இருந்த இடங்கள் இவ்வளவுதான். மற்ற ஊர்களில் ஐயாமாருக்கு அவரவர் ஆட்கள் இருந்தார்கள். நான் இந்த நாலு இடத்திலும் லயம் லயமாக ஏறி இறங்கினேன். “எப்பவும் மூணுதானேம்மா?” என்று கேட்ட பெரியவர்களும் இருந்தார்கள். “சட்டத்த மாத்திட்டாங்க தாத்தா, தலைவர் கிட்ட பேப்பர் இருக்கு” என்று நானே வாயை அடைத்தேன். “படிச்ச புள்ள சொல்லுது, சும்மா இருய்யா” என்று அவர்களும் அடங்கிப் போனார்கள். கீழ் லயத்தில் அக்காவின் கூட்டாளி ஒருத்தி. இருபது வருசம் ஒரே நிரையில் அக்காவுக்குப் பக்கத்தில் நின்று கொழுந்து எடுத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய விரலைப் பிடித்து அட்டையில் நாலு புள்ளடியும் போட வைத்தேன். “ஐயோ, அவ நம்பருக்கு ரெண்டு போடலாமான்னு கேளுடி!” என்று என் கன்னத்தைக் கிள்ளினார்.

வாக்குப் போடுகிற நாள் நல்ல மழை. எங்கள் பள்ளிக்கூடம்தான் சாவடி. எப்படிப் புள்ளடி போடவேண்டும் என்று தமிழிலும் ஓர் அறிவித்தலைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். வாசித்தேனா? இல்லை. சொல்லிக் கொடுத்தவளே நான், எனக்கெதற்கு அது என்கிற திமிர். உள்ளே போய் நாலு புள்ளடி போட்டுவிட்டு வந்தேன்.

முடிவு வந்தபோது கட்சிக்கு இடம் கிடைத்திருந்தது. அக்காவுக்குக் கிடைக்கவில்லை. கடைசியாக உள்ளே போன ஐயாவுக்கும் அக்காவுக்கும் நடுவில் இருந்தது கொஞ்ச வித்தியாசம்தான், எங்கள் இரண்டு கணக்குச் சனமே நிரப்பியிருக்கக்கூடிய அளவு. பட்டாசு வெடித்தது. மாமாவை மாலை போட்டுத் தூக்கினார்கள். அக்கா எங்கள் லயத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து, “என் சனமே எனக்குப் போடலியே” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மாதர் தலைவி வேலையை விட்டார். கூட்டாளிக்குப் பக்கத்து நிரையில் நிற்க மாட்டேன் என்று வேறு மலைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அந்த அம்மா பின்னாலேயே போய், “நான் போட்டேன்டி, சாமி சத்தியமாப் போட்டேன்” என்று அழுதார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் போனது. எங்கள் பள்ளிக்கூடத்து அதிபர், பெரிய சேர் என்போம், நுவரெலியாவில் வாக்கு எண்ணுகிற கடமைக்குப் போயிருந்தவர். ஸ்டாஃப் ரூமில் பிளேன்டீ குடித்துக்கொண்டே, டவுனிலிருந்து வந்து போகிற ஆசிரியர்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்: “நம்ம பக்கத்து வாக்குச்சீட்டுதான் அநியாயம். கட்சிக்குப் புள்ளடி சரியா இருக்கு. கீழ பாத்தா நாலு நம்பருக்கும் புள்ளடி. கட்டுக்கட்டா அதே நாலு. மூணுக்கு மேல போனா கட்சிக்கு மட்டும் சேரும், ஆளுக்கு ஒண்ணும் சேராது. அந்தப் பொம்பளைக்கு விழுந்த அத்தனையும் வீணாப் போச்சு. எந்த முட்டாள் சொல்லிக் குடுத்தானோ!” எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். நானும் உச்சுக்கொட்டினேன். கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

மாமா வீட்டுக்குப் பின்னால் லீக்ஸ் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் கத்தவில்லை. கத்த வேண்டும் என்றுதான் ஓடி வந்தேன். “மூணுதானா மாமா?” என்று மட்டும் கேட்டேன். அவர் நிமிர்ந்து என்னை நன்றாகப் பார்த்தார். தெரியாது, ஏமாந்துவிட்டேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பேன், சத்தியமாக நம்பியிருப்பேன். அவர் சொல்லவில்லை.

“மூணுதான். மத்த எடத்துல ஐயாமாருக்குப் போதுமான அளவு இருந்துச்சு. இங்க மட்டும் அவ வாக்கக் கலைச்சு விட்டாப் போதும்னாங்க.”

“அக்கா உங்களுக்கு என்ன மாமா செஞ்சாங்க?”

“ஒண்ணும் செய்யல. முப்பது வருசமா இந்தத் தோட்டத்துக்கு நான் தலைவன். நாளைக்கு அவ அங்க உக்காந்துக்கிட்டா, ஒவ்வொரு கையெழுத்துக்கும் நான் ஃபைலத் தூக்கிக்கிட்டுப் போய் அவ முன்னாடி நிக்கணுமா? கொழுந்துக்கூடையோட என்னை வணக்கம்னு கும்பிட்டவ முன்னாடி?” களையை உதறினார். “போய்ச் சொல்றதுன்னா சொல்லு. சொல்லிக் குடுத்தது யாருன்னு சனம் கேக்கும். அட்டை உன் கழுத்துலதான் தொங்குச்சு.”

ஹட்டன் ஒஃபீஸ் வாசலில் எனக்காக உட்கார்ந்திருந்த அதே மனுசன். பாவி மனுசா, அன்றைக்கு என்னைப் படிக்க வைத்தது இதற்குத்தானா? நான் சொல்கிறதைச் சனம் நம்பும் என்பதற்காகவா? அதற்கடுத்த மாதம் ஆசிரியர் நியமனக் கடிதம் வந்தது. வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். பயம்தான், வேறென்ன. சனம் என்னைக் காறித் துப்பும் என்கிற பயம்.

அதற்குப் பிறகு தேர்தல்கள் வந்தன, போயின. “திரும்ப மூணாக்கிட்டாங்க” என்று மாமா சொன்னதைச் சனம் நம்பியது. மாமா கையில் குடையோடு ஐயாமாருக்கு முன்னால் நடந்தார். அவரோடு நான் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த வருசம் மாமா போய்ச் சேர்ந்தார். சாவு வீட்டில், இவரைப் போல உண்டா என்று ஆளுக்காள் பேசினார்கள். தலைவியக்காவும் வந்து அழுதார். கருமாதிச் சாப்பாட்டுக்குக் காய்கறி நறுக்க என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், “என்னதான் இருந்தாலும் உங்க மாமா எனக்காக அந்த எலெக்சன்ல ஒழைச்சாருடி” என்றார்.

இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றுநிருபம், அட்டை, பெரிய சேர், லீக்ஸ் பாத்தி, எல்லாம்.

“அப்ப நம்ம சனம் எனக்குப் போட்டுச்சா?” என்றார்.

“எல்லாரும் போட்டாங்கக்கா.”

“நானே நாலுதான்டி போட்டேன். நீ சொன்னா சரியா இருக்கும்னு.” கையில் இருந்த கிழங்கைத் தட்டில் போட்டார். “கீழ் லயத்துக்காரியும் போட்டாளா?”

“அவங்க கையப் புடிச்சுச் சொல்லிக் குடுத்ததே நான்தான்.”

“உங்க மாமன் செஞ்சது கெடக்கட்டும், அந்தாளு போய்ச் சேந்துட்டாரு. நீ எத்தன தடவ என் வீட்டுல உக்காந்து தேத்தண்ணி குடிச்சிருப்ப?” அவர் குரல் உயரவில்லை. “அவ செத்து ரெண்டு வருசமாச்சுடி. மூஞ்சியப் பாக்க மாட்டேன்னு அவ சாவுக்கும் நான் போகல. அவ போட்டிருக்கா.”

கீழ் லயத்தில் அந்த அம்மாவின் சாவு வீட்டில் நான் இருந்தேன். தலைவி வருவாளா, வருவாளா என்று பெட்டியை மூடாமல் அந்தி சாயும் வரை வைத்திருந்தார்கள். பாதையைப் பார்த்துக்கொண்டிருந்த சனத்தோடு சனமாக நானும் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வீடு அங்கிருந்து பத்து நிமிச நடை. நான் போகவில்லை.