மூன்றாவது ரீடிங்

மகள் கெமிஸ்ட்ரி ரிவிஷனுக்கு உட்கார்ந்திருந்தாள். அவள் விரல் நுனியில் பெர்மாங்கனேட் கறை பழுப்பாகக் காய்ந்திருந்தது. பிளஸ் டூ படிக்கும்போது என் விரலிலும் அதே கறை இருந்தது. அதைத்தான் அப்பாவிடம் சாட்சியாக நீட்டினேன்.

அப்பா விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் வேலை பார்த்தார். தலைமுடியில் வெள்ளை மண்ணோடு வீட்டுக்கு வருவார். டீக்கடையில்கூட கிளாஸை நகத்தால் தட்டி, விரிசல் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்ட பிறகே வாய் வைப்பார். அன்று என் லேப் நோட்டை அப்படித்தான் பார்த்தார். பியூரெட் குழாயில் மூன்று தடவை அளந்து, மூன்று தடவையும் 10.2 என்று பென்சிலில் எழுதியிருந்தேன்.

"ஒரே சூளையில வெச்ச மூணு கப்பே ஒண்ணா வராது. உனக்கு மட்டும் எப்புடி வந்துச்சு? யாரப் பாத்து எழுதுன?"

"நெசமா அப்படித்தாம்ப்பா வந்துச்சு. கையப் பாருங்க."

கையைப் பார்த்தார், நம்பவில்லை. "உண்மையச் சொல்லு, அப்பறம் சாப்புடறேன்" என்று தட்டைத் தள்ளி வைத்தார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. நான் உள்ளே போய் மூன்றாவதை அழித்து 10.3 ஆக்கிக்கொண்டு வந்தேன்.

"தப்பா எழுதிட்டேன்ப்பா."

"இப்பதான் நெசமா இருக்குது" என்று சோற்றைப் பிசைந்தார்.

மகளின் நோட்டை இழுத்துப் பார்த்தேன். 10.2, 10.2, 10.3.

"சரியா இருக்குதாம்மா?" என்றாள்.

தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ரப்பர் தேய்த்த தடம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.